செருப்பு ஸ்டாப்

அன்று தூறல் விழுந்ததா இல்லையா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தகரக் கூரையில் படபடவென்று விழுந்தது என்கிறாள் டிரைவிங் மாஸ்டரின் மகள்களில் பெரியவள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று முழுக்க ஓர் உயரமான கட்டடத்தின் மொட்டை மாடியில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு சொட்டு மழை கிடையாது, முதுகு வெந்துபோச்சு என்கிறார். இருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. பல தடவை கேட்டுக் கேட்டு, யார் சொன்னது எது என்றே எனக்குக் குழம்பிவிட்டது. அந்த நாள் பெரியவளுடையது என்பதால் அவளுடைய தூறலையே வைத்துக்கொள்கிறேன்.

மாஸ்டருக்குத் தொண்டையில் திங்கட்கிழமை ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. கட்டியோடு குரலும் போய்விடலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நாற்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்தியே ஊரில் பாதிப் பேரை ரோட்டுக்கு அனுப்பிய குரல் அது.

அந்தக் குரல் சின்னமகளிடம் பேசி ஆறு வருடமாகிவிட்டது.

ஒரு காலத்தில் அவர் காரின் தலையில் 'அப்பா - மகள் டிரைவிங் ஸ்கூல்' என்று பலகை இருந்தது. மகள் என்றால் சின்னவள்தான். பெரியவளுக்குக் கடைசிவரை கிளட்சும் கியரும் ஒத்துப்போகவே இல்லை. ஆறு வருடத்துக்கு முன் சின்னவள் கடல் தாண்டித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்குக் கிளம்பினாள். வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு மாஸ்டர் போகவில்லை. அந்தப் பக்கமே என் கால் படாது என்று சொல்லிவிட்டு, காய்ந்த பெயிண்டைச் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு காரின் மேல் ஏறினார். இப்போது பலகையில் 'மகள்' இல்லை. அப்பாவுக்கும் ஸ்கூலுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை.

பெரியவளின் பெயரை யாரும் சுரண்டவில்லை. எழுதியிருந்தால்தானே.

போன வாரம் சின்னவளிடமிருந்து செய்தி வந்தது. வேறொரு துறைமுகத்துக்கு மாற்றல். போகிற வழியில் வெள்ளிக்கிழமை இங்கே விமானம் மாறுகிறாள். நடுவில் நாலைந்து மணி நேரம் இருக்கிறது. வீட்டுக்கு வரமாட்டாள், அப்பா வாயால் கூப்பிட்டால் தவிர. வீட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவே ஏதாவது ஒரு ரயில் ஸ்டாப்பில் வேண்டுமானால் பார்க்கலாம். எந்த ஸ்டாப் என்று அக்காவே சொல்லட்டும்.

ஆபரேஷன் விஷயம் அவளுக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று மாஸ்டர் பெரியவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை. அடுப்படி மேஜையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அதென்ன, செருப்பு ஸ்டாப்பையா பிடிச்சே?" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "அங்க நாய்கூட இறங்காதே."

"அதனாலதான்."

அந்த வீட்டில் ஸ்டாப்புகளுக்குப் பலகையில் எழுதியிருக்கும் பெயர்கள் கிடையாது. இறந்துபோன அம்மா அசந்து தூங்கி இறங்காமல் விட்டது தூக்க ஸ்டாப். பெரிய ஆஸ்பத்திரி இருப்பது ஊசி ஸ்டாப். சின்னவள் குழந்தையாக இருந்தபோது இறங்குகிற அவசரத்தில் ஒற்றைச் செருப்பைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு அழுத இடம் செருப்பு ஸ்டாப். அன்று மாஸ்டர் அவளைத் தோளில் உட்காரவைத்து வீடுவரை நடந்தே வந்தார். பெரியவள், கையில் மிச்சமிருந்த செருப்போடு, பின்னால் நடந்து வந்தாள்.

"ஏர்போர்ட் ஸ்டாப்பே வசதிடி. அவ பாட்டுக்கு இறங்குவா, பாத்துட்டு ஏறிடுவா."

"அப்பா அங்க வரமாட்டார். வந்தாலும் பாதாளத்துக்குள்ள இருக்கு, மைக்கு ஓயாம கத்தும். அப்பா இப்ப பேசுறது எனக்கே பாதி காதுல விழலை. மார்க்கெட் ஸ்டாப்புல இரும்புக்கடை. தூக்க ஸ்டாப்புல எக்ஸ்பிரஸ் நிக்காம ஓடும், பெஞ்சே ஆடுது."

லிஃப்ட் மெக்கானிக் டீயைக் கீழே வைத்தார். "ஆடுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பெரியவளுக்குக் காது பரிசோதனை மையத்தில் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, மெல்லிய சத்தத்தை இன்னும் மெல்லியதாக்கிக்கொண்டே போய், எதுவரை கேட்கிறது என்று பார்ப்பாள். இந்த வாரம் வேலை முடிந்து திரும்பும்போது ஒரு நாளைக்கு ஒரு ஸ்டாப்பில் இறங்கி, பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஓர் உடைந்த குரல் எங்கே உட்கார்ந்து பேசினால் முழுசாகப் போய்ச் சேரும் என்று தேடினாள். செருப்பு ஸ்டாப்பில் மைக் எப்போதோ செத்துவிட்டது. ஸ்லோ ரயில் மட்டும்தான் நிற்கும். ஒரே பிளாட்பாரம், இரண்டு பக்கமும் ரயில் வரும், மாஸ்டருக்குப் படி ஏறி இறங்க வேண்டியதில்லை. சுற்றிலும் பூட்டிக் கிடக்கும் ஆலையின் மதில்.

"லேட்டா வரேன்னு சொன்னியே, ஓவர்டைம்னு நினைச்சேன்," என்றார் அவர், குரலைத் தணித்து. பிறகு சமாளித்துக்கொண்டு, "மாமா வருவாரா? அதைச் சொல்லு முதல்ல," என்றார்.

டக், டக்.

இருவரும் திரும்பினார்கள். அடுப்படி வாசலில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். கார்ச் சாவியால் கதவு நிலையில் தட்டியிருந்தார். தொண்டை கட்டிக்கொள்ளும் நாட்களில் வகுப்பில் அவர் வழக்கம் அது. டாஷ்போர்டில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு என்றால் நிறுத்து.

ஷூவெல்லாம் போட்டு முடித்திருந்தார்.

"வரேன்," என்றார். காற்று பாதியும் குரல் பாதியுமாக வந்தது. "ஆனா ஒண்ணு. பெஞ்சுல உக்காந்திருப்பேன். அவ வந்தா வரட்டும். நானா எழுந்து ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன்."

"வைக்க வேணாம்," என்றாள் பெரியவள். "உக்காந்தே இருங்க."

"ஆபரேஷன் கதையெல்லாம் எடுக்கக் கூடாது."

"எடுக்கலை."

அவர் தெருவாசலுக்கு நகர்ந்ததும் பெரியவளின் போன் ஒளிர்ந்தது. சின்னவள் ஏர்போர்ட்டிலிருந்து அனுப்பியிருந்தாள். 'இறங்கிட்டேன் அக்கா. ஸ்லோ ரயில் பிடிச்சு வரேன். வெளிய வந்தா என் போன் இங்க வேலை செய்யாது. இறங்கின இடத்துலயே நிப்பேன். யாரையும் தேடிக்கிட்டு வரமாட்டேன், சொல்லிட்டேன்.'

லிஃப்ட் மெக்கானிக் எட்டிப் பார்த்துப் படித்தார். "ரெண்டு பேரையும் ஒரே அச்சுல வார்த்திருக்காங்க. நீ மட்டும் எங்கிருந்துடி வந்தே?"

"பேசாம டூல்ஸை எடுத்துக்கிட்டு வேலைக்குக் கிளம்புங்க."

*

கடைசிப் பெட்டியில் ஏறினார்கள். அது மாஸ்டர் வீட்டுச் சட்டம். எங்கே போனாலும் கடைசிப் பெட்டி. கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். தண்டவாளம் வளைகிற இடத்தில் முன்னால் போகிற ரயில் முழுசும் கண்ணுக்குத் தெரியும் என்பது மற்றொன்று. முன்னால என்ன நடக்குதுன்னு பாக்காம வண்டியில உக்காரக் கூடாது என்பார். மகள்கள் இரண்டு பேரும் அப்படியே பழகிவிட்டார்கள். வேறு பெட்டியில் ஏறினால் பெரியவளுக்கு இன்னமும் வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டது போல இருக்கும்.

செருப்பு ஸ்டாப்பில் இவர்கள் மட்டும்தான் இறங்கினார்கள். வால்பக்கம் ஒரு பெஞ்ச். மாஸ்டர் உட்கார்ந்தார். பெரியவள் மாத்திரைப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிளாட்பாரத்தின் நடுவே பழைய பார்சல் கட்டடம் ஒன்று மூடிக் கிடந்தது. அதற்கு அப்பால் பிளாட்பாரம் வளைந்து போனதால் மறுகோடி கண்ணில் படவில்லை.

அந்த அமைதி பெரியவளுக்குப் பிடித்திருந்தது. அப்பாவோடு தனியாக இப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள். காருக்குள் உட்கார்ந்ததுண்டு. அங்கே அவர் அப்பா இல்லை, மாஸ்டர். ஒரு தட்டு, இரண்டு தட்டு. கடைசியில் ஒருநாள், "உனக்கு வராதும்மா, விட்டுடு," என்றார். அன்புடன்தான் சொன்னார். அதுதான் இத்தனை வருடம் உறுத்துகிறது.

"அவ இளைச்சிருப்பா," என்றார் திடீரென்று.

"போட்டோவுல குண்டாத்தான் இருந்தா."

"நான் போட்டோ பாக்கலையே."

"காட்டினேன். கண்ணை மூடிக்கிட்டீங்க."

அவர் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

ஏர்போர்ட் பக்கத்திலிருந்து ரயில் வந்தது. பெரியவள் எழுந்து நின்றாள். எஞ்சின் இவர்கள் பெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. முதல் இரண்டு மூன்று பெட்டிகளின் கதவுகளைப் பார்த்தாள். யாரும் இறங்கவில்லை. தூரத்தில், வளைவுக்குப் பின்னால் யாராவது இறங்கினார்களா தெரியாது. ரயில் கிளம்பிப் போயிற்று. பிளாட்பாரம் மறுபடி வெறிச்சென்று ஆனது.

அப்போதுதான் தூறல் பிடித்தது. தகரக் கூரையில் படபடவென்று.

பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் கண்ணை மூடி உட்கார்ந்து தேர்ந்தெடுத்த அமைதி. மழையை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"வரலை," என்றார் மாஸ்டர்.

"ஃபாஸ்ட் ரயில்ல ஏறியிருப்பா. இங்க நிக்காம இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்." பாதி ரயில் நிற்காத ஸ்டாப்பைப் பிடித்துக் கொடுத்தது யார்? "அடுத்த ரயில் வரட்டும்பா. இருந்து பாப்போம்."

"அவளுக்கா தெரியாது, எது ஸ்லோ எது ஃபாஸ்ட்டுன்னு?"

அவர் சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். ரயில் போன திசையைப் பார்த்தார். பிறகு அது வந்த திசையைப் பார்த்தார். புதிதாக ரிவர்ஸ் எடுக்கிறவனைக் கவனிக்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"அவ எந்தப் பெட்டியில ஏறுவா?"

"எந்தப் பெட்டியிலன்னா... கடைசி..."

பெரியவள் பாதியில் நிறுத்தினாள்.

இவர்கள் வந்த ரயிலுக்குக் கடைசிப் பெட்டி இந்தக் கோடியில். எதிரே வந்த ரயிலுக்குக் கடைசிப் பெட்டி அந்தக் கோடியில். ஸ்டாப் ஸ்டாப்பாகச் சத்தத்தை அளந்தவளுக்கு இது தோன்றவில்லை. சின்னவள் இறங்கிவிட்டாள். பார்சல் கட்டடத்துக்கு அப்பால், வளைவுக்கு அப்பால், அந்தக் கோடியில் காலி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். அப்பாவும் அக்காவும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு. தேடிக்கொண்டு வரமாட்டேன் என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

"நான் ஓடிப்போய்க் கூட்டிக்கிட்டு வரேன்."

மணிக்கட்டில் மாஸ்டரின் பிடி இறுகியது.

"நீ உக்காரு."

"அப்பா, அவ்வளவு தூரம் உங்களால..."

"வாரம் பூரா நீ அலைஞ்சது போதும்மா." மழைச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் எப்படிக் கேட்டது என்று அவளுக்கு இன்றும் புரியவில்லை. "மாப்பிள்ளை சொல்றதைக் கேட்டுக்கிட்டுத்தான் வாசல்ல நின்னேன். உக்காரு."

அவர் எழுந்தார். ஒரு அடி எடுத்து வைத்தார். நின்று, ஷூவைப் பார்த்துக்கொண்டார். அடுத்த அடியையும் வைத்தார்.

பெரியவள் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்வது அவளுக்குத் தெரியாத வேலை. எழுந்து பின்னாலேயே போய்விடலாம் என்று கால் பரபரத்தது. மாத்திரைப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தே தீருவது என்று உட்கார்ந்திருந்தாள். அவர் முதுகு சிறுத்துக்கொண்டே போய்ப் பார்சல் கட்டடத்தின் நிழலுக்குள் மறைந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுப் பக்கத்திலிருந்து அடுத்த ரயிலின் சத்தம் கேட்டது. ஏர்போர்ட்டுக்குத் திரும்பும் ரயில்.

சின்னவள் காத்திருந்து அலுத்துப்போயிருப்பாள். இந்த ரயிலில் ஏறிப் போய்விடுவாள். ஏறுவதென்றால் கடைசிப் பெட்டி. இந்த ரயிலுக்குக் கடைசிப் பெட்டி இந்தக் கோடியில்தான், பெரியவள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு நேரே. சின்னவள் இப்போது பிளாட்பாரத்தின் நீளத்துக்கு இந்தப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருப்பாள். அப்பா அந்தப் பக்கமாக. நடுவில் கட்டடம். அவள் கட்டடத்துக்கு வலது பக்கமாக வந்து, அவர் இடது பக்கமாகப் போனால்?

அவரால் கத்த முடியாது.

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேலை செய்கிற இடத்தில் மற்றவர்களை உட்காரவைப்பது போலத் தன்னையே உட்காரவைத்துக்கொண்டாள். தகரத்தை ஒதுக்கினாள். ரயிலை ஒதுக்கினாள். மிச்சம் என்ன இருக்கிறது என்று தேடினாள்.

டக், டக்.

இரும்புத் தூணில் சாவி. இரண்டு தட்டு.

கேட்டதா, கேட்க வேண்டும் என்ற ஆசையா என்று சந்தேகப்படுவதற்குள் இன்னொரு தடவை கேட்டது. டக், டக். நிறுத்து.

ரயில் வந்து நின்றது. கடைசிப் பெட்டியின் கதவு அவள் எதிரே திறந்தது. யாரும் ஏற வரவில்லை. கதவு மூடியது. ரயில் கிளம்பியது.

அவள் எழுந்து கட்டடம்வரை ஓடினாள். யாரும் இல்லை. மறுகோடிவரை பார்த்தாள். ஈரப் பிளாட்பாரம், காலி பெஞ்ச். அவ்வளவுதான்.

நிமிர்ந்தபோது, தண்டவாளம் வளையும் இடத்தில் ரயில் முழுசும் கண்ணுக்குத் தெரிந்தது. நடுப்பெட்டி ஒன்றின் ஜன்னலில் இரண்டு தலைகள். நரைத்த தலை நிமிர்ந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. இன்னொரு தலை சாய்ந்து, காதை அந்த வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தது. அத்தனை இரைச்சலுக்கு நடுவே.

வாழ்நாளில் கால் வைக்கமாட்டேன் என்ற ஏர்போர்ட் ஸ்டாப்புக்கு மாஸ்டர் போய்க்கொண்டிருந்தார். மாத்திரை வேளை தாண்டிக்கொண்டிருந்தது. பை பெரியவளின் கையில் இருந்தது.

ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கேட்க ஒருவரும் இல்லை.

*

சாயங்காலத்துக்குள் எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போயிருந்தார்கள்.

மாஸ்டர் தனியாகத் திரும்பி வந்தார், கடைசிப் பெட்டியில். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, விளக்கு வைப்பதற்கு முன்பே படுத்துத் தூங்கிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் வெந்த முதுகோடு வந்து, மழை கிழை ஒன்றுமில்லை என்று வாதாடிவிட்டு, மாமாவின் ஈர ஷூவைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். சின்னவளின் விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. அதில் அவள் இருந்தாள். கிளம்புவதற்கு முன் அனுப்பிய செய்தியில், புது இடத்தில் சேர்ந்த கையோடு லீவு கேட்கப் போவதாகவும், கொடுப்பார்களா என்று தெரியாது என்றும் எழுதியிருந்தாள். அதன் கடைசி வரி, 'திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு எந்த ஸ்டாப் அக்கா?'

பெரியவள் சத்தியத்தை மீறவில்லை. சொன்னது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமும் இல்லை.

'ஊசி ஸ்டாப்' என்று பதில் எழுதினாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இன்னொரு வரி சேர்த்தாள். 'கடைசிப் பெட்டி வேணாம். நடுப்பெட்டியில ஏறு.'